தேதியைத் திருத்திய சனிக்கிழமை

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தீர்ப்பின் நகல் கேட்டு மனு கொடுத்தவர்களுக்கு, மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுப்பது எங்கள் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி அன்றைய தேதிக்குக் கொண்டுவருவேன். பிறகுதான் பேனாவைத் தொடுவேன். முந்தின நாள் தேதி விழுந்த நகலைத் தூக்கிக்கொண்டு ஒரு வக்கீல் குமாஸ்தா என் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டது உண்டு. அதன் பிறகு எங்கே தவறான தேதியைக் கண்டாலும் எனக்குப் பொறுக்காது. முடிவெட்டும் கடையில்கூட நாள்காட்டியின் பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுவேன்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்தப் பழக்கத்தால் ஒரு தாய் தன் ஒரே மகன் தாலி கட்டியதைப் பார்க்க முடியாமல் போனது. பழக்கத்தால் பாதி, நான் சொன்ன ஒரு பொய்யால் பாதி. நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் எங்காவது டெலிபோன் மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

என் மகள் ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஓர் அறை எடுத்துக் கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்கிறாள். எங்கள் தெருப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், இவள் சாவிக்கொத்தோடு அந்த மாடிக்குப் போவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பதற்றம். பிளஸ் டூவில் நல்ல மார்க். மதுரையில் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் கோர்ஸ் போதும் என்று அவளே முடிவு செய்தாள். என் மச்சினன் கல்யாணங்களுக்குக் கேமரா எடுப்பவன். முன்பெல்லாம் படம் எடுத்த கேசட்டுகளை மதுரைக்குக் கொண்டுபோய், இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டி ஓட்டி ஒட்டிக்கொண்டு வருவான். ஓர் இடத்தில் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை முழுவதும் மகள் கைக்கு வந்துவிட்டது.

கம்ப்யூட்டரை வாங்கிவிட்டோம். அதில் ஓடும் எடிட்டிங் சாப்ட்வேரை யாரால் வாங்க முடியும்? நியாயமாக வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த மதுரைக்காரரே ஒரு பாலிதீன் உறையில் சி.டி. ஒன்றைக் கொடுத்தார். மேலே மார்க்கர் பேனாவால் கோணலாக ஏதோ எழுதியிருந்தது. பூட்டை உடைத்து எடுத்த நகல் என்றார். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை.

“இது திருட்டு இல்லையாம்மா?” என்றேன்.

“ஊருல அம்புட்டுப் பேரும் இதைத்தாம்ப்பா ஓட்டுறாங்க.”

“போலீஸ் வந்தா?”

“போலீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்தையே போன மாசம் இதுலதான் வெட்டுனேன். நல்லாருக்குன்னு சொல்லி அவிய வீட்ல இருந்து அதிரசம் குடுத்து விட்டாக. நீங்களும்தான தின்னீக?”

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். “நகல்காரரு மக நகல் சி.டி.ல வேலை பாக்கா. இதுல என்ன அதிசயம்?”

நான் விடவில்லை. சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது, சைக்கிளை வெளியே எடுக்கும்போது, திருடின பொருள் ஒரு நாள் காலை வாரிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் ஒரு துண்டு காட்டினாள். ஒரு ராஜுக்கள் வீட்டுக் கல்யாணம். அட்சதை போடும் இடம். அரிசி மணிகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், மஞ்சள் மழைபோல இறங்குகின்றன. மணப்பெண்ணின் கண்ணிமையில் ஒரு மணி பட்டுத் தெறிக்கிறது. அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்னால் நிற்கும் முகங்களெல்லாம் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறுகின்றன. வாழ்நாளில் எத்தனையோ கல்யாணங்களில் நானும் அரிசியை வீசியிருக்கிறேன். அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்ததில்லை.

“இன்னொரு தடவை போடு” என்றேன்.

“திருட்டு சாப்ட்வேர்ல செஞ்சதுப்பா” என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை போட்டாள்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரிய வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் இருபது நிமிஷப் படத்துக்கு மேல் இடம் கிடையாது. அதனால் கேமரா கேசட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக ஏற்றுவாள். வெட்டி, ஒட்டி, பூத்தூவலும் இதயவடிவமும் சேர்த்து, பெரிய கேசட்டில் இறக்குவாள். பிறகு டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டு அடுத்த துண்டு. கேமரா கேசட் காலியானதும் என் மச்சினன் அதை வாங்கிக்கொண்டு போய் அடுத்த கல்யாணத்தை அதன் மேலேயே எடுத்துவிடுவான். அவனிடம் இருந்ததே மூன்று கேசட்டுகள். முகூர்த்த மாதம். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் நடந்த ஒரு கல்யாணத்தின் வேலை. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளைக்குக் கான்சாபுரம், மஸ்கட்டில் வேலை. புதன்கிழமை விமானம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்து, அந்தம்மாளால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. நாளைத் தள்ளிப்போட முடியாது, லீவு கிடையாது. மகன் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டுவது, மறுநாள் மகன் கிளம்புவது என்று ஏற்பாடு.

பெண்ணின் அம்மா ஒரு நாள்விட்டு ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குவார்.

“என்னம்மா, முடிஞ்சிருமா? சம்பந்தியம்மா விரல்விட்டு எண்ணிக்கிட்டுக் கெடக்காக.”

“முடிஞ்சிரும் அத்தை. தாலி கட்டுற எடம் ஒண்ணுதான் பாக்கி.”

தாலி கட்டும் பதினெட்டு நிமிஷத்தை மகள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். அதை மட்டும் நிதானமாகச் செய்ய வேண்டும் என்பாள். வியாழக்கிழமை அதை ஏற்றினாள். வெள்ளிக்கிழமை என் மச்சினன் அந்தக் கேமரா கேசட்டில் வேறொரு கல்யாணத்தை எடுத்துவிட்டான்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு லீவு. வெட்டி ஒட்டியதை எல்லாம் சேர்த்து முழுப்படமாக்க அந்த மெஷின் பல மணி நேரம் கணக்குப் போடும். ரெண்டர் ஓடுது என்பாள் மகள். அதை ஓடவிட்டு, பெண் வீட்டில் கொடுத்துவைத்திருந்த மாப்பிள்ளையின் சின்ன வயசுப் போட்டோக்களை வாங்கிவர ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினாள். என்னைக் காவலுக்கு உட்கார வைத்தாள்.

“கரண்ட் போனா இந்தப் பேட்டரிப் பெட்டி கூவும். ஒடனே கீழ ஜவுளிக்கடைல இருந்து பொண்ணு வீட்டு அத்தைக்கு ஒரு போன் போடுங்க. வேற எதையும் தொடாதீக. நெசமாத்தான் சொல்றேம்ப்பா, ஒண்ணையும் தொடாதீக.”

தொடமாட்டேன் என்று சொன்னேன்.

அறையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு நேராக ஒரு மேஜை விசிறி. எனக்குக் காற்று இல்லை. திரையில் ஒரு நீலக்கோடு எறும்பு ஊர்வதுபோல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டேன். நீலக்கோடு பாதியைத் தாண்டியிருந்தது. திரையின் கீழ்மூலையில் மணி தெரிந்தது, சரியான மணிதான். எங்கள் ஆபீசுக்கும் அப்போது ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. மணியின் மேல் அம்புக்குறியை வைத்தால் தேதி தெரியும் என்று அங்கே கற்றிருந்தேன். வைத்தேன்.

போன வருஷத்து ஜூன், நம் கணக்கில் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை.

பாவம், வேலை மும்முரத்தில் தேதியைக்கூடச் சரிசெய்யவில்லை என்று நினைத்தேன். அடுத்து கோர்ட்டு மூளை வேலை செய்தது. இந்தத் தேதி கேசட்டில் எங்காவது பதிந்துவிட்டால்? பத்திரிகையில் ஒரு தேதி, கேசட்டில் அதற்குப் பத்து மாதம் முந்திய தேதி. வெளிநாடு போகிற பிள்ளை. நாளைக்கு அந்தப் பெண் அங்கே போவதற்குக் காகிதம் போடும்போது எவனாவது கேள்வி கேட்டால்? ஒரு தேதித் தவறில் வழக்கே கவிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மணியின் மேல் இரண்டு தட்டு தட்டினேன். சின்ன நாள்காட்டி ஒன்று திறந்தது. வருஷம், மாதம், நாள், ஓகே. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

நீலக்கோடு நின்றது. நடுத்திரையில் ஒரு பெட்டி முளைத்தது. உங்களுக்கு அனுமதித்த காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். வேறு வழி இல்லாமல் அதை அழுத்தினேன். சாப்ட்வேர் மூடிக்கொண்டது.

அப்போதுதான் விளங்கியது. அந்த சி.டி. பூட்டு உடைத்தது அல்ல, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கத் தருகிற மாதிரிச்சரக்கு. மாதம் முடியாமல் பார்த்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஓடும். அதற்காக என் மகள் தினம் காலையில் வந்ததும் தேதியை அந்த ஆனி மாதத் திங்கட்கிழமைக்குத் திருப்பி வைத்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் அதற்கும் சேர்த்துப் புலம்புவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அவசர அவசரமாகத் தேதியைப் பழையபடி மாற்றினேன். சாப்ட்வேரைத் திறந்தேன். அதே பெட்டி. மறுபடி திறந்தேன். அதே பெட்டி. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். திரையைப் பார்த்ததும், “ஏன்ப்பா நின்னுருக்கு?” என்றாள்.

“தெரியலையேம்மா. தானா நின்னுபோச்சு.”

“கரண்ட் போச்சா?”

“இல்ல.”

அவள் தேதியைத்தான் முதலில் பார்த்தாள். ஆனி மாதத் திங்கட்கிழமை, சரியாக இருந்தது. நான்தான் சரியாக வைத்திருந்தேனே.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு இருவரும் போனோம். அவள் உள்ளே நின்று மதுரைக்காரரோடு பேசினாள். கதவு பாதி திறந்திருக்க, நான் வெளியே நின்றேன். அவள் பேசுவது எல்லாம் கேட்டது. டிஸ்கில் துண்டு அப்படியே இருக்கிறது, சாப்ட்வேர்தான் திறக்க மாட்டேன் என்கிறது என்றாள். அவர் ஏதோ கேட்டார். மகள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“யாராச்சும் தேதிய மாத்துனீகளான்னு கேக்குறாரு. அப்பா, நீங்க தேதியத் தொட்டீகளா?”

“இல்லை” என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தொடாதே என்று பிள்ளை சொன்னதைத் தொட்ட வெட்கம் ஒன்று. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. திருட்டுப் பொருள் காலை வாரும் என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தவன் நான். இப்போது வாரிவிட்டது. நான்தான் காரணம் என்று சொன்னால் நான் சொல்லிவந்தது பொய்யாகிவிடும். அந்தப் பூத் வாசலில், என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

“இல்லைங்கிறாக சார்” என்று அவள் போனில் சொன்னாள். என் வார்த்தையைச் சந்தேகிக்கவே இல்லை.

தேதி மாறவில்லை என்றால் அது வைரஸ்தான் என்று அவர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். படம் இருக்கும் பகுதியையும் விடக்கூடாது, விட்டால் அங்கிருந்து மறுபடி தொற்றும்.

அன்று முழுவதும் அவள் அழிக்கவில்லை. அந்த மாடிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தாய்மாமனிடம் கேசட்டை வாங்கிவந்து ஓட்டிப் பார்த்தாள். வேறு யாரோ ஒரு மணப்பெண் வந்தாள். சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்குக் காலைல அழிச்சிருவேம்மா. வேற வழியில்ல. செவ்வாக்கிழமைக்குள்ள மத்த வேலையாவது நடக்கணும்.”

“அப்ப தாலி கட்டுனது?” என்றாள் என் மனைவி.

“போச்சு.”

“கட்டில்ல கெடக்காகளே அந்தம்மா, அவிய கிட்ட என்னட்டி சொல்லுவ?”

மகள் தட்டைத் தள்ளிவைத்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மைக் காரணம் தெரிந்தால் வேறு வைத்தியம் இருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். இல்லாமலா அந்த மனிதர் முதலில் தேதியைக் கேட்டார்? சொல்லலாம், சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம், கை கழுவினதும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தானாகச் சரியாகிவிடும் என்றும் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. காலையில் அவள் எழுந்திருக்கும் முன் குளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்து முத்திரையைக் கையில் எடுத்தேன். சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை. கைக்குத் தெரிந்த வேலை, கை செய்யவில்லை. முத்திரையை அப்படியே வைத்துவிட்டு, தலைமைக் குமாஸ்தாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் பூத்துக்கு ஓடினேன். மகள் அறையில் டெலிபோன் கிடையாது. கீழே ஜவுளிக்கடை நம்பரைச் சுழற்றினேன். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். ஐந்தாம் தடவை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பூத்துக்காரர், “சார், பின்னால ஆளு நிக்காக” என்றார். ராஜபாளையம் பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. ஓடி ஏறினேன்.

அரை மணி நேரப் பாதை. அந்த டிரைவர் கை காட்டியவர்களுக்கெல்லாம் நிறுத்தினார். ஒரு கிழவர் கறிவேப்பிலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். எழுந்து போய், “கொஞ்சம் சீக்கிரம் விடுங்களேன்” என்றேன். கண்டக்டர் சொன்னார், “அம்புட்டு அவசரம்னா நேத்தே கெளம்பிருக்கணும் சார்.” பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறினேன். மகள் திரைக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நூறு சதவீதம் முடிந்தது என்று அதில் இருந்தது.

“ஏன்ப்பா இப்படி வேர்த்திருக்கு? என்ன ஆச்சு?”

“தேதிய நாந்தாம்மா மாத்துனேன். சனிக்கெழம.”

அவள் என்னையே பார்த்தாள். கத்தவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள். “வாங்க” என்று மட்டும் சொன்னாள். அதே பூத். அவளே நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். மறுமுனையில் மதுரைக்காரர் உச்சுக் கொட்டினார்.

“அடடா. தேதின்னா ரெண்டு நிமிச வேலை சார். அது உள்ள ஒரு சின்ன பைலை ஒளிச்சு வச்சிருக்கும். அதை மட்டும் அழிச்சா மறுபடி ஓடும். நேத்தே கேட்டேனே சார் நான்?”

ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் வைத்த பிறகும் வைத்திருந்தேன்.

மத்தியானம் அவள் அதே பாலிதீன் உறையிலிருந்து அதே சி.டி.யை எடுத்து ஏற்றினாள். வேறு இரண்டு கல்யாணங்கள் காத்திருந்தன. நியாயமான சாப்ட்வேர் வாங்க நியாயமான வழி எங்களுக்கு அன்றும் இல்லை. தேதியைப் பழைய ஆனி மாதத்துக்குத் திருப்பும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்ணின் அம்மா வந்தார். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கென்ன தாயி, நான் நேர்ல பாத்துட்டேன். எம் மக ஒரு நா இல்லாட்டி ஒரு நா மன்னிச்சுருவா. சம்பந்தியம்மா கிட்ட யாரு சொல்லுறது?”

“எங்கப்பா சொல்லுவாக” என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கான்சாபுரத்துக்குப் போனோம். வழியெல்லாம் தென்னந்தோப்பு. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், நடுவில் கேசட் இருந்த பை.

வீட்டு முன்னறையில் கட்டிலை டி.வி.க்கு எதிரே திருப்பிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். முதுகுக்கு இரண்டு தலையணை. படம் பார்ப்பதற்காக நல்ல சேலை கட்டிவிட்டிருந்தார்கள், தலையில் பூவும் இருந்தது. என்னைப் பார்த்து, “வாங்க சார். உங்க மகதான் செஞ்சதாமே, ஒக்காருங்க” என்றார். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை கேசட்டைப் போட்டுவிட்டார்.

பெண் வீட்டில் அலங்காரம். கார். சர்ச் மணி. அந்தம்மா ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “ஏலே, உங்க பெரியப்பன் வேட்டியக் கட்டிருக்க லெச்சணத்தப் பாரு.” எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சர்ச்சுக்குள் நுழைகிறார், பீடத்தை நோக்கி நடக்கிறார். அடுத்த நொடி, சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்னய்யா இது? தாலி கட்டுனதக் காணோம்?”

எழுந்து நின்றேன். கோர்ட்டில் சாட்சிகள் கூண்டில் நிற்பதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். நானும் அவர்களைப்போலவே முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, அது என்னால அழிஞ்சுபோச்சு. மெஷின்ல ஒரு தேதிய நான் மாத்திட்டேன். கேட்டப்ப மாத்தலைன்னு சொல்லிட்டேன். சொல்லிருந்தா காப்பாத்தியிருக்கலாம்.”

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரியாமச் செஞ்சீகளா?”

“மாத்துனது தெரியாம. சொல்லாம இருந்தது தெரிஞ்சுதான்.”

யாரோ டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாதவர், அதை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

மகள் போய்க் கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் அந்த எடத்த வெட்டுறதுக்காக நாப்பது தடவையாச்சும் பாத்துருப்பேன். சொல்லட்டுமா?”

அந்தம்மா திரும்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் சொல்ல ஆரம்பித்தாள். சர்ச் ஐயர் ஜெபத்துக்கு நடுவில் இரண்டு தடவை இருமினார். தாலியை அவர் எடுத்துக் கொடுக்கும்போது உங்க மகன் வலது கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் முடிச்சு நழுவிவிட்டது. பெண் தலையைக் குனிந்தபடியே ஏதோ சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் முடிச்சு விழுந்தது. மூன்றாவதைப் போட மாப்பிள்ளையின் பெரியம்மா கை நீட்டினார், இவர் விடவில்லை, தானே போட்டார். அப்போது பின்வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது, யாரும் சொல்லாமலே. சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது.

“அழுதானா?” என்று கேட்டார்.

மகள் ஒரு விநாடி நிறுத்தினாள். “இல்லம்மா. சிரிச்ச முகமாத்தான் இருந்தாக.”

கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“அழுதேம்மா” என்றார். “நீ இல்லைன்னு அழுதேன். ஆளுக பாக்கும், அந்த எடத்த வெட்டிருங்கன்னு அவுககிட்ட நாந்தான் சொன்னேன்.”

அந்தம்மா மகனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் குனிந்ததும் கன்னத்தில் ஒரு அடி வைத்தார், மெதுவாக. பிறகு என் மகளைப் பார்த்தார்.

“மொதல்லருந்து சொல்லு தாயி. இந்தத் தடவ வெட்டாமச் சொல்லு.”

மகள் என் பக்கம் பார்க்காமலே, மாப்பிள்ளை சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.